பாய்களுக்காக அழுதவன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வாக்கியமாகக் கிடைத்தது. வாக்கியம் என்னுடையதல்ல. ஒரு பழைய பாய்க்கப்பலின் வரலாற்றைச் சொல்லும் தடித்த புத்தகத்தின் நடுவில் இருந்தது: "பருமல்கள் இறக்கப்பட்ட அன்று, கரையில் அணிவகுத்து நின்ற மாணவர்கள் அனைவரும் பாய்களுக்காகக் கண்ணீர் வடித்தனர்."

பருமல் என்பது பாய்மரத்தின் குறுக்கே கிடக்கும் நீளத் தண்டு. பாயை அதில்தான் கட்டுவார்கள். நம் தோணிக்காரர்களின் சொல் அது. ஜப்பானியச் சொல்லை எழுதி அடித்துவிட்டு இதைப் போட்டேன்.

என்னை உறுத்தியது "அனைவரும்". இருபது வயதுப் பையன்கள் ஒரு கப்பல் நிறையும் அளவுக்குக் கரையில் நிற்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே காரணத்துக்காக அழுவார்களா? சாவு வீட்டிலேயே அது நடப்பதில்லை. ஒருவர் செத்தவரை நினைத்து அழுவார், ஒருவர் தன் செத்துப்போன யாரையோ நினைத்து அழுவார், ஒருவருக்குப் பசி.

கப்பலின் பெயர் ஹமாஷிகி மாரு. (தேடாதீர்கள், பெயர் நான் வைத்தது. அதற்கான காரணம் பிறகு வரும்.) நான்கு பாய்மரம். வணிகக் கப்பல்களுக்கு அதிகாரிகளாகப் போகிறவர்களைப் பாய் ஏற்றிப் பழக்குவதற்காகக் கட்டியது. இப்போது ஓய்வு பெற்றுத் துறைமுகத்தில் கிடக்கிறது. வருஷத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைப் போன்ற தன்னார்வலர்கள் போய் அதன் பாய்களையெல்லாம் விரிப்போம், மாலையில் மறுபடி சுருட்டிக் கட்டுவோம். கரையில் ஜனம் கைதட்டும். நான் தளத்தில் நின்று கயிறு இழுக்கிற கோஷ்டி.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, பார்லித் தேநீர் இடைவேளையில், அந்த வாக்கியத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் இருந்தவர் மினெகோ சான் ('சான்' மரியாதைக்கு). எழுபது தாண்டியவர், மேலே ஏறுகிற கோஷ்டி. அவர் சிரித்த சிரிப்பில் தேநீர் என் முழங்காலில் கொட்டியது.

"எல்லாரும்னா எங்கப்பாவும்தான். அவரும் அழுதாரு. ஆனா பாய்க்காக இல்ல."

"பின்ன?"

"சந்தோஷத்துல."

2

ஆரம்பம் ஒன்று:

"கோபே துறைமுகத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. இசோகாய் தொகுசாபுரோ தன் விறைத்த விரல்களை —"

(இல்லை. இசோகாயின் மகள் மினெகோ சான் திருத்தினார். கோடைக்காலம், சில்வண்டுகள் காதைக் கிழித்தனவாம். அழுகை என்றதும் பனியைக் கொட்டுவது என் கெட்ட பழக்கம்.)

ஆரம்பம் இரண்டு:

"ஏழு வயதில் பெர்சிமன் மரத்திலிருந்து விழுந்த நாள்தொட்டு இசோகாய்க்கு உயரம் என்றால் —"

(இதுவும் இல்லை. அவன் எந்த மரத்திலிருந்தும் விழவில்லை. மலைநாட்டுக்காரன், வீட்டைச் சுற்றிப் பெர்சிமன் தோட்டம், அண்ணன்மார் இருவர் மரத்திலேயே குடியிருந்தார்கள். இவன் கீழே கூடை பிடித்தான். பயத்துக்கு ஒரு காரணத்தைத் தைத்துவிட்டால் கதை எழுத வசதி. ஆனால் எனக்குத் தெரிந்த எந்தப் பயத்துக்கும் காரணம் இருந்ததில்லை.)

[இன்னொன்று. மினெகோ சான் என்னைவிட மூத்தவர். அவர் அப்பாவை நான் "அவர்" என்றுதான் எழுத வேண்டும். ஆனால் இருபது வயதில் பாய்மரத்தடியில் நிற்கிறவனைப் பார்த்தால் "அவன்" என்றுதான் வருகிறது. மன்னிக்கவும்.]

3

உயரத்துக்குப் பயப்படுகிறவன் பாய்க்கப்பலில் எதற்குச் சேர்ந்தான்? நானும் கேட்டேன். அவனுக்குக் கடல்தான் பிடித்திருந்தது. மலையிலிருந்து வந்தவனுக்குச் சமதரை அப்படி ஓர் ஆச்சரியம். கடலின் நடுவில் ஏன் ஒரு மலையை நட்டு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை.

முன்பாய்மரத்தில் பாதி உயரத்துக்குக் கீழேயே ஒரு மேடை உண்டு. கயிற்றேணியில் ஏறி அதுவரை போவான். அதற்கு மேல் போனதில்லை. மேலே ஏறும் முறை வரும்போதெல்லாம் யாரிடமாவது மாற்றிக்கொள்வான். நீ ஏறு, உன் சமையலறை வேலையை நான் பார்க்கிறேன். ஏறத் துடிக்கிற பையன்களுக்குக் குறைவே இல்லை. அந்த வருஷம் கப்பலிலேயே முள்ளங்கியை மெல்லிசாக நறுக்கத் தெரிந்த மாணவன் அவன்தான் என்று பெயர்.

ஒரே ஒருவருக்கு விஷயம் தெரியும். சாரங்கு ஓதாகிரி. மாலுமிகளுக்குத் தலைவர், கப்பல் கட்டிய நாளிலிருந்து அதிலேயே இருப்பவர். ஒருநாள் மேடையில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றவனைப் பார்த்துச் சொன்னார்:

"முள்ளங்கி மேல இல்லப்பா. கீழ இருக்கு."

அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை.

போரின் நடுவே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம் உத்தரவு வந்தது. இனி இந்தக் கப்பல் உள்கடலில் நிலக்கரி சுமக்கும். பாய் வேண்டாம், பருமல் வேண்டாம். எல்லாவற்றையும் கழற்று.

பளுதூக்கி ஒவ்வொரு பருமலாகப் பிடுங்கிக் கரையில் கிடத்தியது. மாணவர்கள் வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்றார்கள். இசோகாய் முன்பாய்மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உச்சிப் பருமல் இறங்கியது. அடுத்தது இறங்கியது. மேடைக்கு மேலே இனி ஏறுவதற்கு ஒன்றுமில்லை. ஒரு வருஷமாகத் தினம் காலையில் கண்விழித்ததும் யாரிடம் முறை மாற்றுவது என்று தேடிய வேலை அத்தோடு முடிந்தது. கண்ணீர் வந்தது. நிறுத்த முடியவில்லை. தோள் குலுங்கக் குலுங்க அழுதான்.

பக்கத்தில் நின்ற முதன்மை அதிகாரி வாகிசாகா திரும்பிப் பார்த்தார். அந்த இறுகிய முகத்துக்காரர் வரிசையை விட்டு வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"அழு, இசோகாய். ஒரு கப்பலுக்காக இப்படி அழுறவன இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

இவன் அழுததைப் பார்த்துத்தான் மற்றவர்களும் அழ ஆரம்பித்தார்கள் என்று எழுதலாமா?

(மினெகோ சான்: "அது எனக்குத் தெரியாது. நீ எழுதிக்கோ. ஆனா நான் சொன்னேன்னு எழுதாதே.")

4

கப்பல் மொட்டையாக இருந்த வருஷங்களுக்கு வரலாற்றுப் புத்தகம் அரைப் பக்கம் கொடுத்திருக்கிறது. தலைப்பு: "அவமானக் காலம்". உச்சியிலிருந்து பார்த்து எழுதினால் அப்படித்தான் எழுத வரும்.

இசோகாய்க்கு அது கப்பலின் நல்ல காலம். தேர்வு எழுதி அதே கப்பலில் இளநிலை அதிகாரி ஆனான். நிலக்கரி சுமந்தார்கள், நெல் சுமந்தார்கள். அவனோடு படித்து வேறு கப்பல்களுக்குப் போனவர்கள் தெற்குக் கடலில் கப்பலோடு மூழ்கிப் போனார்கள். [இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதினேன். பெயர்களோடு எழுதினேன். எடுத்துவிட்டேன். இசோகாய் அந்தப் பெயர்களை வீட்டில் ஒருமுறைகூடச் சொன்னதில்லையாம். அவன் சொல்லாததை நான் எப்படி]

போர் முடிந்ததும் அந்த மொட்டைக் கப்பல் கடல் கடந்து சிக்கிக்கொண்ட ஜப்பானியர்களை ஏற்றிவரப் போனது. சீனக் கரையின் தாலியனிலிருந்து, ஷாங்காயிலிருந்து. சரக்கு வைக்கிற அறையில் வைக்கோல் பாய் விரித்து ஜனங்கள் படுத்தார்கள். பாய்மரத்துக்குப் பாய்மரம் கயிறு கட்டிக் குழந்தைத் துணி காயப்போட்டார்கள். அப்படி ஒரு பயணத்தில், ஈரத் துணி மூட்டையோடு ஒரு பெண் அவன் வழியை மறித்து நின்றாள்.

"ஏங்க அதிகாரி, கொடிக்கம்பு இவ்வளவு உசரமாவா கட்டுவாங்க? எட்டவே மாட்டேங்குதே."

"அது கொடிக்கம்பு இல்லம்மா. பாய்மரம்."

"பாய் எங்க?"

"கழட்டிட்டாங்க."

"நல்லதாப் போச்சு. இல்லேன்னா துணி எங்க காயப்போடறது?"

இசோகாய் சிரித்தான். பாய்கள் இல்லாமல் போனதை நல்லது என்று சொன்ன முதல் ஆள் அவள். தோக்கி என்று பெயர். மறுவருஷம் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

5

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாலை வாகிசாகா வீட்டுக்கே வந்துவிட்டார். இப்போது அவர் கேப்டன். கையில் பயற்றுப் பாகு இனிப்பு ஒரு பொட்டலம். இசோகாய் அப்போது தீவுகளுக்கு ஓடும் பயணிப் படகில் வேலை பார்த்தான். வீட்டில் மூன்று வயது மினெகோ, சமையற்கட்டில் தோக்கி.

"ஹமாஷிகிக்குப் பாய் திரும்ப வருது, இசோகாய்," என்றார் வாகிசாகா. "பழைய கப்பல், புதுப் பசங்க. பாய்மரம்னா என்னன்னே தெரியாத பசங்க. முன்பாய்மரத்த நீ எடுத்துக்கோ."

இசோகாய் தலை குனிந்தான். "எனக்கு மேல ஏற வராதுங்க, கேப்டன்."

வாகிசாகா தொடையைத் தட்டிச் சிரித்தார். "பார்த்தீங்களாம்மா? இந்த அடக்கம் உங்க வீட்டுக்காரர்கிட்ட அன்னைக்கே இருந்தது."

"அடக்கமெல்லாம் இல்லீங்க," என்றாள் தோக்கி, தேநீரை வைத்தபடி. "கூரையில ஓடு நகர்ந்தா நான்தான் ஏறணும். இவரு கீழ ஏணியப் பிடிச்சுக்கிட்டுக் கண்ண மூடிக்குவாரு."

வாகிசாகா இன்னும் உரக்கச் சிரித்தார். புருஷனை வெளியாள் முன்னால் உயர்த்திப் பேசாத நல்ல மனைவி என்று பாராட்டினார். இந்த ஊரில் "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பித்தவர் யாருமில்லை. சொல்லச் சொல்ல மதிப்பு கூடும்.

அவர் போனதும் தோக்கி பாத்திரத்தை டங்கென்று வைத்தாள்.

"போய் உண்மையச் சொல்லிட்டு வாங்க."

"சொன்னேனே. நீயுந்தான் சொன்னே."

"ஏற வராதுன்னு சொன்னீங்க. அன்னைக்கு ஏன் அழுதீங்கன்னு சொல்லலியே."

போனான். (கப்பலில், கேப்டன் அறைக்குள் நடந்தது அவன் தோக்கியிடம் சொல்லி, தோக்கி மினெகோவிடம் சொல்லி, மினெகோ என்னிடம் சொன்னது. மூன்று கை மாறியது. அதனால்தான் பேச்சு இவ்வளவு சுருக்கமாக இருக்கிறது; கொஞ்சம் நன்றாகவும் இருக்கிறது.)

"கேப்டன், அன்னைக்குக் கரையில நான் அழுதது துக்கத்துல இல்லீங்க. இனிமே ஏற வேண்டாம்னு அழுதேன்."

இந்த முறை வாகிசாகா சிரிக்கவில்லை. எழுந்துபோய் வட்ட ஜன்னல் பக்கம் நின்றார்.

"இந்தப் பாய்ங்கள நான் எப்படித் திரும்ப வாங்கினேன் தெரியுமா?" என்றார், வெளியே பார்த்தபடி. "இயந்திரம் இருக்கும்போது பாய் எதுக்கு, காசுக்குப் பிடிச்ச கேடுன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒவ்வொரு மேஜைக்கும் போய் உன் கதையத்தான் சொன்னேன். பருமல் இறங்கினப்போ ஒரு பையன் தோள் குலுங்க அழுதான், அவனுக்காகவாவது கொடுங்கன்னு. ஒரு வயசானவரு கண்ணத் துடைச்சுக்கிட்டே ஒப்பம் போட்டாரு."



"அதனால," என்றார் வாகிசாகா, இன்னும் திரும்பாமல், "அது வேற அழுகைன்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாதே. எங்கிட்டயும்."

இங்கே நான் பேனாவை வைத்துவிட்டு ஒருநாள் சும்மா இருந்தேன். ஒரு கப்பலுக்குப் பாய்கள் திரும்பி வந்ததற்குக் காரணம், அவை போனதில் மகிழ்ந்தவனின் கண்ணீர். இதைப் புத்தகத்தில் யாரும் எழுதப் போவதில்லை. கப்பலின் பெயரை மாற்றச் சொன்னதும் இதற்காகத்தான். "வாகிசாகா குடும்பம் இன்னும் இங்கதான் இருக்கு," என்றார் மினெகோ சான். "நல்ல மனுஷங்க. பேர மாத்திடு. எங்கப்பா பேரையும்."

6

பருமல்கள் பொருத்தி முடிந்த பிறகு, வளைகுடாவுக்குள் நங்கூரம் போட்டு முதல் ஏற்றப் பயிற்சி. வசந்த காலத்துக் காலை. மாணவர்கள் வெறுங்காலோடு தளத்தில் நின்றார்கள். முறைப்படி அதிகாரி முதலில் ஏற வேண்டும்.

இசோகாய் கயிற்றேணியில் கால் வைத்தான். புதுக் கயிறு, தார் வாசனை. மேடைவரை போய்விட்டான். அங்கே நின்றான். மேலே பத்து வருஷம் முன்பு இறங்கியதெல்லாம் திரும்ப வந்து வரிசையாக நின்றது. வலது கையை மேல் கயிற்றுக்கு நீட்டப் பார்த்தான். கை வரவில்லை. கீழே அத்தனை முகங்களும் அண்ணாந்திருந்தன.

முடிவு ஒன்று:

"இசோகாய் கீழே பார்த்து உரக்கச் சொன்னான்: 'என் கையைப் பாருங்கள், நடுங்குகிறது. பயப்படுகிறவன் மட்டும் என் பின்னால் வா. பயப்படாதவன் எனக்கு வேண்டாம்!' மாணவர்கள் —"

இதை மினெகோ சானுக்கு வாசித்துக் காட்டினேன். கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன்.

"யாரு இது?" என்றார்.

"உங்கப்பா."

"எங்கப்பா சாப்பாட்டுல உப்பு அதிகம்னு சொல்றதுக்கே ரெண்டு நாள் யோசிப்பாரு. கப்பல் மேல நின்னு பிரசங்கம் பண்ணுவாரா? நீ சினிமா நிறைய பார்க்கறே."

அடித்துவிட்டேன்.

7

தெரிந்தது இவ்வளவுதான்.

சாரங்கு ஓதாகிரி கீழேயிருந்து ஏறி மேடைக்கு வந்தார். இசோகாயின் பக்கத்தில் நின்றார். தளத்தைப் பார்த்துக் கையசைத்தார். மாணவர்கள் ஏற ஆரம்பித்தார்கள். மேடையைக் கடக்கும் ஒவ்வொருவனுடைய இடுப்புக் கயிற்றையும் இசோகாய் இடது கையால் இழுத்துப் பார்த்து அனுப்பினான். வலது கை கயிற்றை விடவில்லை. பையன்கள் அதுதான் முறை என்று நினைத்துக்கொண்டார்கள். பாய்மரமே புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு எது முறை என்று எப்படித் தெரியும்? பின்னால் அதுவே அந்தக் கப்பலின் முறையாகிவிட்டது. நாங்கள் பாய் விரிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் இன்றும் முன்பாய்மர மேடையில் ஒருவர் நின்று இடுப்புக் கயிற்றை இழுத்துப் பார்க்கிறார். ஏன் என்று கேட்டால் பாதுகாப்புக்கு என்பார்கள்.

மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை இருவரும் மேடையிலேயே இருந்தார்கள். என்ன பேசினார்கள்?

நான் எழுதிப் பார்த்தது:

"இறங்கலாமா?" என்றார் சாரங்கு.

"எறங்கவும் பயமா இருக்கு."

"அப்ப இரு. காத்து நல்லாத்தான் இருக்கு."

"அன்னைக்கு நான் ஏன் அழுதேன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். எனக்கு உன்மேல கொலைவெறி. என் கப்பல மொட்டையடிக்கிறாங்க, இவனுக்குச் சந்தோஷமான்னு."

"இப்ப?"

"இப்பவும் கொஞ்சம் இருக்கு. ஆனா அந்தத் தாலியன் பயணத்துல துணி காயப்போட கயிறு கட்டிக் கொடுத்தது நான்தான். அதுவும் நல்லாத்தான் இருந்தது. பாய் மாதிரியே ஆடிச்சு."

இதையும் மினெகோ சானுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். "இருக்கலாம்," என்றார்.

8

கடைசிக் காட்சியில்தான் சிக்கல்.

பாய்க்கப்பல் நீண்ட பயணம் கிளம்பும்போது ஒரு மரியாதை உண்டு. மாணவர்கள் அத்தனை பேரும் ஏறி, பருமல்களில் வரிசையாக நிற்பார்கள். தொப்பியைக் கழற்றி ஆட்டி, கரையில் நிற்பவர்களைப் பார்த்து "நலமா இருங்க!" என்று ஒரே குரலில் கத்துவார்கள். அபாயத்துக்குப் போகிறவர்கள் பத்திரமாக இருப்பவர்களை வாழ்த்துகிறார்கள். எனக்கு அது எப்போதும் வேடிக்கையாகத்தான் படும். பாய்கள் திரும்பிய பிறகு வந்த முதல் புறப்பாட்டில், பாய்மர அதிகாரிகளும் மாணவர்களோடு ஏற வேண்டும் என்றார் வாகிசாகா. முன்பாய்மர அதிகாரியான இசோகாய்க்கு உச்சிப் பருமல்.

கரையில் தோக்கி, அவள் தோளில் மினெகோ.

மினெகோ சான் சத்தியம் செய்கிறார்: அப்பா உச்சியில் நின்றார். தோக்கி சாகும்வரை சொன்னது: மேடையில் நின்றார். அம்மாவும் பெண்ணும் இதற்காக ஒரு தடவை பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

"உனக்கு அப்ப நாலு வயசு. எல்லாரும் வெள்ளைச் சட்டை. யாரப் பார்த்து அப்பான்னு கை காட்டினியோ."

"நீ மட்டும் எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"தொப்பி. எல்லாரும் தொப்பியக் கழட்டினாங்க. ஒருத்தர் மட்டும் கழட்டல. ரெண்டு கையாலயும் கயித்தப் பிடிச்சிருக்கறவரு எந்தக் கையால கழட்டுவாரு?"

"நானும் தொப்பி போட்டவரத்தான் பார்த்தேன். ஆனா மேல!"

இசோகாயிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டார்கள். "அன்னைக்கு நல்ல காத்து," என்பானாம். ஓதாகிரி, "நான் பின்பாய்மரத்துல இருந்தேன்" என்றே சொல்லிவந்தார். அவர் பின்பாய்மரத்தில் இல்லை, முன்பாய்மரத்தில்தான் இருந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"நீ எழுதறப்போ மேல ஏத்திடு," என்றார் மினெகோ சான் போன வாரம், பாயைச் சுருட்டிவிட்டு இறங்கி வந்து, வியர்வையைத் துடைத்தபடி. "அம்மாதான் இல்லையே, சண்டைக்கு வர."

ஏற்றிவிடலாம். "அவன் ஏறினான்" என்றால் இரண்டு சொல். நேற்று எழுதியும் விட்டேன். எழுதிவிட்டுப் பார்த்தால், அவன் உச்சியில் இல்லை. மேடையில் நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறான். இன்னொருவரும் நம்மை ஏறச் சொல்கிறாரே என்கிற பார்வை. சரி, மேடையிலேயே விட்டுவிடலாம் என்று அடித்தேன். அடித்ததும், நாலு வயதுக் குழந்தை ஒன்று அம்மா தோளிலிருந்து கையை நீட்டிய இடம் வெறிச்சோடிப் போனது. அதுவும் பொறுக்கவில்லை.

ஆகவே நான் இத்தோடு நகர்ந்துகொள்கிறேன். நீங்கள் கரைக்கு வாருங்கள். கயிறுகளை அவிழ்த்துவிட்டார்கள், கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் விரிகிறது. நான்கு பாய்மரங்களிலும் வெள்ளை வெள்ளையாகப் பையன்கள். தொப்பிகள் எல்லாம் ஒன்றாகக் கழல்கின்றன. முதல் வாழ்த்து வருகிறது. முன்பாய்மரத்தைப் பாருங்கள். தொப்பி கழற்றாத ஒருவன் இருப்பான். அவன் வாயும் அதே வாழ்த்தைத்தான் கத்துகிறது. உச்சியிலிருந்து தேடத் தொடங்குவதா, மேடையிலிருந்தா என்பது உங்கள் இஷ்டம். சீக்கிரம், கப்பல் திரும்புகிறது.